வேங்கடக் காட்டைக் கடந்த சீன யாத்திரிகர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் தர்மம் பேச நாம் செல்லுங்கால் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. இந்தத் தர்மம் எங்கிருந்து வந்தது? நேற்று முளைத்ததன்றோ? நம் மூதாதையர் அறியாததை நீவிர் ஏன் சுமந்து வருகின்றீர்? இவ்வாறு கேட்போர் பெரும்பாலும் பகைவரல்லர். திரிசரணம் ஏற்ற நம் உபாசகர் வீட்டுப் பெரியோர்களே திண்ணையில் அமர்ந்து, உள்ளம் நொந்து, இதனைக் கேட்கின்றனர். அவர்கட்கு விடை கூறத்தக்கவர் நாமல்லேம். ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன் இந்நிலப்பகுதியைக் கால்நடையாகக் கடந்து, கண்டதை எழுதிவைத்துச் சென்ற ஓர் அயல்நாட்டுத் துறவியே அதற்குரிய சாட்சி. அவர் நம்மவருமல்லர், நமக்காகப் பரிந்து பேச வந்தவருமல்லர். ஆகலின் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அவர்தாம் யுவான் சுவாங்.

சீன நாட்டில் ஹோனான் மாகாணத்தில் லோயாங் நகருக்கு அணித்தான ஒரு சிற்றூரில், சென் என்னும் குடியில், 602-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தை கன்பூசியரின் நூல்களில் வல்லவர். அரசுப் பணியை உதறிவிட்டு நூல்களோடு வாழ்ந்தவர். மக்கள் நால்வருள் கடைசி மகன் இவர். தமையனார் ஒருவர் முன்னரே பிக்ஷுவாகி லோயாங் விகாரையில் இருந்தமையால், தம்பியும் சிறுவயதிலேயே அங்குச் சென்று சூத்திரங்களைக் கேட்கலாயினார். 13 வயதில், வயது போதாதிருந்தும், சோதிக்க வந்த அரசு அதிகாரி பிள்ளையின் விடைகளைக் கேட்டு வியந்து, சாமணேரராகச் சேர்த்துக்கொள்ள இசைந்தார் என்று வரலாறு கூறும். சுய் அரசு கவிழ்ந்து நாடெங்கும் கலகமும் பஞ்சமும் பரவிய காலம் அது. தமையனும் தம்பியும் மேற்கே ஷூ நாட்டிற்கு ஓடிப் பிழைத்தனர். அங்கே செங்டூ நகரில் 622-இல் உபசம்பதை பெற்றார்.

கற்கக் கற்க அவருக்கு ஐயமே பெருகிற்று. ஒரே சூத்திரத்தை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறாகவும் பெயர்த்திருந்தனர். ஆசிரியர் பலரை அடுத்தார். ஒருவர் உரை மற்றவர் உரையோடு முரணிற்று. மூலநூல் பிறந்த நாட்டிற்கே சென்று, அந்நாட்டு மொழியிலேயே கற்று வந்தாலன்றித் தெளிவு பிறவாது என்று துணிந்தார். சிறப்பாக, யோகாசார பூமி என்னும் பெருநூலை முழுமையாகப் பெறுவதே அவர் நோக்கம். மற்றொருவர் சொன்னார் என்று அமையாமல் மூலத்தையே தேடிப் புறப்பட்ட இந்தத் துணிவை நாம் பெரிதும் போற்றுகின்றோம். பள்ளிக்கூடப் படிப்பு வாய்க்காமல், ஆலையில் தறிச்சத்தத்தின் நடுவே எழுத்துக்கூட்டிப் படித்த நம்மனோர்க்கு, நூலின் அருமை தெரியும்.

நாட்டை விட்டு வெளியேற அரசாங்கம் அனுமதி மறுத்தது. அவர் அனுமதியின்றியே 629-இல் சாங்ஆன் நகரை விட்டுப் புறப்பட்டார். 627 என்று கூறுவாரும் உளர். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் எல்லையை நெருங்கினார். வழிகாட்ட வந்தவன் நள்ளிரவில் கத்தியை உருவிக்கொண்டு அருகில் வந்து, பின் மனம் மாறித் திரும்பிப் போனான். அதற்கப்பால் துணையாக இருந்தது, பலமுறை அவ்வழி சென்று பழகிய, மெலிந்த கிழக் குதிரை ஒன்றே. பாலைவனத்தின் நடுவில் தண்ணீர்த் தோற்பை கைதவறி விழுந்து, நீரெல்லாம் மணலில் ஊறிப்போயிற்று. திரும்பிவிடலாம் என்று பத்து லீ தூரம் கிழக்கு நோக்கி நடந்தார். லீ என்பது சீன நாட்டு வழியளவை. மூன்று லீக்கு மேற்பட்டது ஒரு மைல். நடந்தவருக்கு, இந்தியா சேருமுன் ஓரடியும் கிழக்கே வைப்பதில்லை என்று தாம் பூண்ட விரதம் நினைவு வந்தது. மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றிக் கிடந்து, இறுதியில் அந்தக் கிழக்குதிரையே மோப்பம் பிடித்து ஒரு நீர்நிலைக்குக் கொண்டு சேர்த்தது.

துர்பான் அரசன் அவரைத் தன் நாட்டிலேயே குருவாக நிறுத்திக்கொள்ள விரும்பித் தடுத்ததும், இவர் உணவும் நீரும் மறுத்து மூன்று நாள் அமர்ந்ததும், பின்னர் அவ்வரசன் வணங்கி வழிச்செலவுக்கு வேண்டியன கொடுத்து விடுத்ததும், பனிமலை கடக்கையில் உடன்வந்தோர் பலர் குளிரால் மாண்டதும் விரிக்கிற் பெருகும். சமர்க்கண்டு, பாமியான் வழியாக வந்தார். பாமியானில் மலைப்பாறையில் குடைந்த இரு பேருருவப் புத்தர் படிமைகளைக் கண்டு எழுதினார். அவை 2001-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இன்று பாறைமாடங்கள் மட்டும் வெறுமையாய் நிற்கின்றன.

இந்தியாவிற்குள் வந்தபின் அவர் பெரிய நகரங்களையும் அரசவைகளையும் மட்டும் தேடியவரல்லர். காட்டில் மறைந்த பழங்கோயில்களையும், பெயர் தெரியாத சிற்றூர்களையும் தேடித் தேடிச் சென்றார். பஞ்சாப் நாட்டில் பலாசக் காட்டு வழியே சென்றபோது கள்வர் கூட்டம் வளைத்து, உடுத்த உடையும் விடாமல் பறித்து, வாளுடன் எல்லோரையும் வறண்ட குளமொன்றிற்குள் விரட்டியது. கரையில் இருந்த மடைவாயில் ஒன்றின் வழியே இவரும் ஓர் இளந்துறவியும் தப்பியோடி, வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவரிடம் செய்தி கூறினர். உழவர் எருதுகளை அவிழ்த்துவிட்டுச் சங்கூதிப் பறை முழக்கி ஊரைக் கூட்டினார். 80 பேர் திரண்டு வரவே கள்வர் காட்டிற்குள் ஓடினர். அவ்வூரார் தம் உடைகளைப் பகிர்ந்துகொடுத்து அனைவரையும் இரவு தங்கச் செய்தனர். உடன்வந்தோர் இழந்த பொருளை எண்ணி அழ, இவர் மட்டும் முகமலர்ந்திருந்தார். உயிரினும் பெரிய செல்வம் உண்டோ, அது எஞ்சியிருக்க அழுவதேன் என்பது அவர் கூறிய காரணம். கலப்பையை விட்டு ஓடிவந்த அந்த உழவரின் பெயர் எந்நூலிலும் இல்லை. அவரில்லையேல் இவ்வரலாறும் இல்லை.

காஷ்மீரத்தில் இரண்டாண்டு கற்றார். கங்கையில் படகேறிச் சென்றபோது கொள்ளையர் பிடித்து, இவருடைய தோற்றப் பொலிவைக் கண்டு துர்க்கைக்குப் பலியிட மேடை அமைத்தனர். சிறிது நேரம் மட்டும் வேண்டிப் பெற்று, மைத்திரேய போதிசத்துவரைத் தியானித்து அமர்ந்தார். அப்போது எழுந்த பெருங்காற்று மரங்களை முறித்து வீசவே, கொள்ளையர் அஞ்சி அடிபணிந்தனர் என்பர்.

பின்னர் அவர் நம் பகவனது வாழ்வோடு தொடர்புடைய இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டார். இங்கேதான் இந்த யாத்திரையின் துயரப் பகுதி தொடங்குகின்றது. கபிலவஸ்துவின் மதில்கள் இடிந்து, ஊர்கள் பாழாய்க் கிடந்தன. ஆயிரத்திற்கு மேற்பட்ட விகாரைகளின் அடித்தளங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. லும்பினியில் அசோகர் நாட்டிய தூண் இடிவிழுந்து முறிந்து கிடந்தது. குசிநகரத்திற்குச் சென்ற வழியோ பெருங்காடு; யானைகளும் காட்டெருதுகளும் வேடரும் கள்வரும் திரிந்த வழி. அந்நகரிலும் மக்கள் அருகியிருந்தனர், தெருக்கள் பாழாயிருந்தன. பகவன் பரிநிர்வாணம் எய்திய இடமே இந்நிலையில் இருந்தது.

அவ்வழியில் ராமகிராமத்தில் அவர் கேட்டு எழுதிய செய்தியை மட்டும் சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம். அங்குள்ள தூபத்தைச் சுற்றிலும் குடிகள் அற்றுப்போய்க் காடு மூடிற்று. வழிபட ஆளில்லை. காட்டு யானைகளே துதிக்கையால் நீர் தெளித்து, இடம் பெருக்கி, மலர் கொணர்ந்து இட்டு வந்தனவாம். யாத்திரையாக வந்த பிக்ஷுக்கள் சிலர் இதனைக் கண்டு கண்ணீர் விட்டனர். அவருள் ஒருவர், விலங்குகள் செய்யும் தொண்டினை மனிதனாகிய யான் செய்யாதிருப்பதோ என்று கூறி, தம் பிக்ஷு நிலையையும் விட்டுச் சாமணேரராகி, அங்கேயே குடிசை கட்டித் தங்கி, இடத்தைத் திருத்திப் பயிரிட்டார். அண்டை நாட்டார் பொருளுதவி விகாரை எழுப்பினர். அன்று முதல் அவ்விகாரைக்குச் சாமணேரரே தலைவராக இருந்து வந்தனர். யானைகள் வழிபட்டதை நம்புவோர் நம்புக. ஆனால் பெரும்பதவியை விட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்த அத்துறவியின் கதையை யுவான் சுவாங்கும், அவருக்கு இருநூறு ஆண்டுகட்கு முன் வந்த பாஹியானும் ஆகிய இருவரும் எழுதியிருக்கின்றனர்.

புத்தகயையில் போதி மரத்தின் அடியில் வீழ்ந்து வணங்கியபோது, பகவன் போதம் அடைந்த நாளில் தாம் எப்பிறவியில் எங்கே உழன்றுகொண்டிருந்தோமோ என்று நினைந்து அவர் கண்ணீர் பெருக்கினார்.

பின் நாலந்தை. அங்கே முதுபெருந் தலைவராக வீற்றிருந்தவர் சீலபத்திரர். அவரிடம் யோகாசார பூமியைப் பாடம் கேட்டார். அப்பாடம் ஒருமுறை முடியவே 15 திங்கள் ஆயிற்று. தமிழ் உபாசகர் இவ்விடத்தில் ஒன்றை மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். சீலபத்திரருக்கு ஆசிரியரும், அவருக்கு முன் நாலந்தையின் தலைவருமாயிருந்தவர் தர்மபாலர் என்னும் பேராசிரியர். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். அமைச்சர் ஒருவரின் மகனார். அரசகுமாரியை மணமுடிக்க இருந்த நாளின் முன்னிரவில் மனைவாழ்வை வெறுத்து, ஊரைவிட்டு நீங்கிச் சீவரம் பூண்டவர். இச்செய்தியை எழுதியவரும் யுவான் சுவாங்கே. ஆக, சீனத்திலிருந்து பாலையும் பனியும் கடந்து நாலந்தைக்கு வந்தவர் அங்குக் கற்ற கல்வியில் ஒரு பங்கு காஞ்சியிலிருந்து சென்ற கல்வியாகும்.

சில ஆண்டுகள் கற்றபின், இலங்கைக்குச் சென்று தேரவாத பிடகங்களையும் கற்க விரும்பித் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வங்கத்துத் தாமிரலிப்தியில் கப்பலேறலாம் என்று எண்ணியிருந்தவரைத் தென்னாட்டுத் துறவி ஒருவர் தடுத்து, கடலில் புயலும் அலையும் மிகுதி, தரைவழியே தென்கோடிக்குச் சென்றால் கடல்வழி மூன்று நாளில் கடந்துவிடலாம், வழியில் பல நாடுகளையும் காணலாம் என்றார். அந்த ஒரு சொல்லே அவரை நம் பக்கம் திருப்பிற்று. ஒட்டரம், கலிங்கம், தென்கோசலம், ஆந்திரம் கடந்து, கிருஷ்ணையாற்றங்கரையில் தானியகடகம் சேர்ந்தார். இக்காலத்து அமராவதிப் பகுதி அது. விகாரைகள் பல பாழாகியிருந்தும் மகாசாங்கிக நெறித் துறவிகள் எஞ்சியிருந்தனர். சுபூதி, சூரியர் என்ற இரு பிக்ஷுக்களிடம் இவர் சில திங்கள் அபிதர்மம் கற்றார். தாம் அறிந்ததை அவர்கட்குக் கற்பித்தார்.

அங்கிருந்து தென்மேற்காக ஆயிரம் லீ அளவு வந்து அவர் கண்ட நாடு சுலிய நாடு. சோழ நாடு என்பதே சீன மொழியில் அவ்வாறு திரிந்தது. ஆயின் இது காவிரி பாயும் சோழ நாடன்று. அது காஞ்சிக்குத் தெற்கேயன்றோ உள்ளது! கடப்பைப் பகுதியில் ரேநாட்டை ஆண்ட தெலுங்குச் சோழர் நாட்டையே இது குறிக்கும் என்பது வரலாற்றறிஞர் பலரின் துணிபு. எரிகல் முத்துராசு என்னும் அக்குடி மன்னனது கலமள்ளக் கல்வெட்டு, தெலுங்கு மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. கர்நூல் என்றும் நெல்லூர் என்றும் வேறு இடம் கூறுவாரும் உளர். யாத்திரிகரின் லீ கணக்கு இன்றைய வழித்தொலைவோடு ஒட்டவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. எவர் கூற்றைக் கொண்டாலும், அங்கிருந்து காஞ்சிக்கு வருவோர்க்கு இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மலைக்காட்டு நிலமே இடையில் கிடக்கின்றது.

அந்நாட்டைப் பற்றி அவர் எழுதியது இனிப்பானதன்று. நாடு வெறிச்சோடிக் கிடந்தது, சதுப்பும் காடுமே தொடர்ந்தன, குடிகள் மிகச் சிலர், கள்வர் வெளிப்படையாகத் திரிந்தனர், மக்கள் கொடியராயிருந்தனர், புறச்சமயங்களே அங்கு ஓங்கியிருந்தன, தேவாலயங்கள் சில பத்து இருந்தன, நிகண்டத் துறவிகள் பலர் இருந்தனர். விகாரைகள் இடிந்து அழுக்கேறிக் கிடந்தன. அங்கு வாழ்ந்த பிக்ஷுக்களும் அவ்வாறே தூய்மையற்றிருந்தனர் என்றும் எழுதினார். இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு இவ்வரலாற்றைக் கூறும் சொற்பொழிவாளர் உளர். நாம் விடமாட்டோம். பிறர் வந்து இடித்தார், பிறர் வந்து மறைத்தார் என்று மட்டுமே நாம் பேசி வருகின்றோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், தம் சமயத்தவர் என்றும் பாராமல் அத்துறவி கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கையில், அதனை நாம் மறைப்போமாயின் நகரத்தின் தென்கிழக்கே அசோகர் எழுப்பிய தூபம் ஒன்று நின்றது என்று அவர் அடுத்த வரியில் எழுதியதையும் எவர் நம்புவர்? பகவன் முற்காலத்தில் அவ்விடத்தில் தங்கி அறம் உரைத்தார் என்ற அந்நாட்டு வழக்கையும் அவர் அங்கேயே குறித்திருக்கின்றார்.

அந்நகரின் மேற்கே பழைய விகாரை ஒன்றிருந்தது. ஆரியதேவர் என்னும் போதிசத்துவர் உத்தரர் என்ற அரகந்தரோடு வாதம் புரிந்த இடம் அது. ஆரியதேவர் நாகார்ஜுனரின் மாணாக்கர். உத்தரரின் புகழ் கேட்டு நெடுந்தொலைவு நடந்து வந்து ஓரிரவு தங்க இடம் கேட்டார். அரகந்தரின் அறையில் படுக்கை ஒன்றே இருந்தது, பாய் வேறில்லை. உதிர்ந்த இலைகளைக் குவித்து, வந்தவரை அதில் அமரச் செய்தார். நள்ளிரவு கடந்து தியானத்தினின்றும் அவர் எழுந்தபின் ஆரியதேவர் தம் ஐயங்களை ஒவ்வொன்றாக விடுத்தார். விடை வந்தது; விடையின் மேல் வினா எழுந்தது. ஏழாம் முறையில் அரகந்தர் வாயடைத்தார். தம் இருத்தி வலிமையால் துசித உலகம் சென்று மைத்திரேயரை வினவி, வந்தவர் எத்தகைய பேரறிஞர் என்பதையும் அவரிடமே அறிந்து, மீண்டு வந்து விடை கூறினார். கேட்ட ஆரியதேவர், இது மைத்திரேயரது விடையன்றோ, நும்முடையதன்றே என்றார். அரகந்தர் மறுத்தாரில்லை, ஒப்புக்கொண்டு, இருக்கையினின்றும் இறங்கி, விருந்தினரை வணங்கினார். வானுலகப் பயணத்தை விடுத்துப் பார்த்தாலும், இலைக்குவியலில் இருந்து இருவர் விடியுமட்டும் வாதிட்ட ஓர் இரவின் நினைவு அந்நாட்டு மக்களிடம் பல நூற்றாண்டு நிலைத்திருந்தது என்பது விளங்கும். யாத்திரிகர் வந்தபோது விகாரை பாழ், கதை பாழாகவில்லை.

இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பதற்குக் கடப்பைக்கும் திருப்பதிக்கும் இடையே, செய்யாற்றங்கரையில் உள்ள நந்தலூர்க் குன்றின் தூப இடிபாடுகள் சான்று கூறும். சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் இரயில் ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, நந்தலூர், கடப்பை என்று அவ்வழியே செல்கின்றது. ஆண்டுதோறும் நம்மவர் எத்தனையோ பேர் வேலை தேடி அவ்விரயிலில் போகின்றனர்.

சுலிய நாட்டை விட்டுத் தெற்கே திரும்பியதும் பெருங்காடு புகுந்ததாகவும், 1500 அல்லது 1600 லீ கடந்து திராவிட நாடு சேர்ந்ததாகவும் அவர் நூல் கூறும். காட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அக்காடு எத்தகையது என்பதற்கு நம் பழந்தமிழ்ச் செய்யுட்கள் துணைநிற்கும். வேங்கட மலை தமிழகத்தின் வடவெல்லை. அதற்கப்பால் மொழி வேறு. யானைகள் மலிந்த அம்மலைநாட்டைக் கள்வர் தலைவனாகிய புல்லி ஆண்டான் என்பதை மாமூலனார் பாடியிருக்கின்றார். சீனர் கண்ட கள்வரையும் நம் புலவர் பாடிய கள்வரையும் ஒன்றாக்கிவிட நாம் துணியவில்லை, காலம் வேறு. நிலம் ஒன்றே. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைத்தொடர்களில் செம்மரம் இயற்கையில் வளர்கின்றது. அம்மரத்தை வெட்டக் கூலிக்குச் சென்ற தமிழ்நாட்டு ஏழைகள் 20 பேர் 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்காடு ஏழைக்கு அன்றும் இன்றும் எளிதன்று.

திருமலைக் கோயிலே ஆதியில் புத்த விகாரையன்றோ என்று நம் உபாசகர் சிலர் ஆர்வத்தோடு வினவுவதுண்டு. அவ்வாறு நூல் எழுதியோரும் உளர். யுவான் சுவாங் அம்மலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் திணிப்பது முறையன்று. நான்காவது சீலத்திற்கும் அது பொருந்தாது. அவர் சொல்லியிருப்பதே நமக்குப் போதும், அது சிறிதன்று.

காடு நீங்கிக் காஞ்சியை அடைந்தார். 640-ஆம் ஆண்டையொட்டிய காலம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சி. இங்கே அவர் எழுத்தின் முகமே மாறிவிடுகின்றது. நிலம் வளமானது, பயிர் ஒழுங்காக நடைபெறுகின்றது, மக்கள் அஞ்சாநெஞ்சினர், வாய்மையிற் பற்றுடையோர், கல்வியைப் பெரிதும் மதிப்போர். தலைநகரின் சுற்றளவு 30 லீ. நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும், ஸ்தவிர நெறியைச் சார்ந்த பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்தனர். தேவாலயங்கள் எண்பது, நிகண்டரும் பலர். நகரின் தெற்கே அறிஞர் கூடும் பெரிய விகாரையும், அசோகர் எழுப்பியதாகக் கூறப்படும் நூறடி உயரத் தூபமும் இருந்தன. தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே என்று அவர் மறவாமல் எழுதினார். நாலந்தையில் தாம் ஓதிய ஓலைகளின் ஊரை நேரிற் கண்டபோது அவர் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும்! இன்று அத்தூபம் இல்லை. காஞ்சியில் கிடைத்த புத்தர் திருவுருவங்களுள் காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கின்றது.

இலங்கை செல்லும் ஆசை காஞ்சியிலேயே முறிந்தது. அத்தீவினின்றும் பிக்ஷுக்கள் ஏறத்தாழ 300 பேர் அப்போதுதான் வந்திறங்கியிருந்தனர். மன்னர் மறைந்தார், பஞ்சமும் கலகமும் மிகுந்தன, ஆகலின் இங்கு வந்தோம் என்றனர். யோகாசாரத்தில் தமக்கிருந்த ஐயங்களை இவர் அவர்களிடம் கேட்டார். அவர்கள் விளக்கம் சீலபத்திரர் கூறியதற்கு மேற்படவில்லை. தெற்கே மலைகூட நாடு, மலய மலை, பொதலக மலை ஆகியவற்றைப் பிறர் கூறக் கேட்டு எழுதிக்கொண்டு வடமேற்காகத் திரும்பினார். பத்து ஆண்டு நடந்து வந்தவர், கடல்கடக்க மூன்று நாட் பயணம் எஞ்சியிருக்கையில் திரும்ப நேர்ந்தது.

இந்தியாவைப் பற்றிய அவரது பொதுவுரையில் ஒரு பகுதியை இவ்வேட்டின் வாசகர்க்கு எடுத்துக் கூறாமல் விடுதல் இயலாது. ஊனறுப்போர், மீன் பிடிப்போர், கூத்தாடுவோர், கொலைத்தொழிலாளர், துப்புரவு செய்வோர் ஆகியோரின் வீடுகள் அடையாளம் இடப்பட்டு ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தன என்றும், அவர்கள் ஊருக்குள் வந்து போகும்போது இடப்புறமாக ஒதுங்கி நடக்கவேண்டும் என்றும் அவர் எழுதினார். மன்னர்களின் வள்ளன்மையையும் நாலந்தையின் மாடங்களையும் எழுதிய அதே கைதான் இதனையும் எழுதிற்று. கண்டித்தாரில்லை, மறைத்தாருமில்லை. சேரி என்பதே பிற்காலத்து ஏற்பாடு என்று வாதிடுவோர்க்கும், அது ஆதிமுதல் உள்ள தெய்வ நியதி என்போர்க்கும் இப்பகுதியைக் காட்டுக. ஊரார் ஒருவரை அடையாளம் இட்டு வெளியே நிறுத்தினால், அஃது ஊராரின் செயல் என்பது அவ்வயல்நாட்டார்க்கு நன்கு தெரிந்திருந்தது.

பின்னர் மகாராட்டிரம் சென்று புலகேசியின் நாட்டையும், இருண்ட பள்ளத்தாக்கில் குடைந்த அஜந்தாக் குகைகளையும் கண்டார். மீண்டும் நாலந்தை. 643-இல் கன்னோசியில் ஹர்ஷ மன்னர் கூட்டிய பேரவையில் 18 நாள் தம் கொள்கையை நிறுத்தி வாதிட அழைத்தார். எதிர்க்க எவரும் வரவில்லை. அப்பெருமைகளைப் பாடநூல்களிற் காணலாம்; நாம் கடந்து செல்வோம்.

திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடக்கையில் படகு ஆடி, ஏடுகள் 50 கட்டும், சேர்த்துவைத்த மலர் வித்துக்களும் ஆற்றோடு போயின. போகும்போது உதவிய துர்பான் அரசனை மீண்டும் காண்பதாக வாக்களித்திருந்தார். அவ்வரசும் அழிந்துபோயிருந்தமையால் தென்வழியே கோதான் வந்து, 645-இல் சாங்ஆன் சேர்ந்தார். அனுமதியின்றி ஓடியவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. 657 நூல்கள் 520 கட்டுகளாக இருபது குதிரைகள் மேல் வந்தன. பேரரசர் தாய்சுங் அவரை அமைச்சராக வேண்டினார். இவர் மறுத்துவிட்டு, விகாரையில் அமர்ந்து மொழிபெயர்க்கலானார். மறுவருடம், தாம் கண்ட நாடுகளின் வரலாற்றை எழுதி அளித்தார்.

பத்தொன்பது ஆண்டு ஓய்வின்றி உழைத்து, 75 நூல்களை 1335 பகுதிகளாகச் சீன மொழியில் பெயர்த்தார். 659-இல் அவர் முடித்த விஞ்ஞப்திமாத்திரதா சித்தி என்னும் நூல், பெரும்பகுதியும் காஞ்சித் தர்மபாலரின் உரையைத் தழுவியது. தர்மபாலர் எழுதிய அவ்வுரையின் மூலம் இன்று நம் நாட்டில் இல்லை. சீன மொழியிலேயே அவர் கருத்து உயிர்வாழ்கின்றது. தோஷோ என்னும் ஜப்பானியத் துறவி யுவான் சுவாங்கிடமே பாடம் கேட்டுத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். அதனின்று ஹோஸோ என்னும் சமயப் பிரிவு அங்கே தோன்றிற்று. காஞ்சியில் பிறந்தவர் ஒருவரின் சிந்தனை நாரா நகரத்தில் ஓதப்பட்ட காலத்தில், நம் ஊர்களில் அவர் பெயரும் மறக்கப்பட்டிருந்தது.

சீலபத்திரர் மறைந்த செய்தி பல ஆண்டு கழித்து அவருக்கு எட்டிற்று. 654-இல் அவருடைய மாணாக்கராகிய ஞானப்பிரபருக்கு எழுதிய ஓலையில் ஆசிரியரை நினைந்து வருந்திய யுவான் சுவாங், சிந்து நதியில் போன நூல்களின் பெயர்ப் பட்டியலையும் உடன் அனுப்பி, வருவோர் வாயிலாக அவற்றை விடுக்குமாறு வேண்டினார்.

660-இல் பிரஞ்ஞாபாரமிதை பெருநூலைத் தொடங்கினார். மிகப் பெரிது, சுருக்கிப் பெயர்க்கலாம் என்று மாணாக்கர் வேண்டினர். முதலில் இசைந்து, பின் மனம் ஒப்பாமல், ஒரு சொல்லும் விடாது 600 பகுதிகளையும் 663-இல் முடித்தார். உடல் தளர்ந்துவிட்டது. 664-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாம் இறந்தால் ஆடம்பரம் வேண்டா, பாயில் சுருட்டித் தனித்த மலையோரம் ஒன்றில் இடுக என்று கூறி உயிர் நீத்தார். மாணாக்கர் பாயில் சுற்றியே அவரைத் தலைநகருக்குக் கொண்டுவந்தனர். அவருடைய எலும்பின் ஒரு சிறு துண்டு 1957-இல் சீன நாட்டின் சார்பாக நாலந்தையில் நேரு அவர்களிடம் கையளிக்கப்பட்டது.